மாமனாரின் சவரக் கத்தி

சென்ற இதழில் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுவது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அந்த எண்ணெய்ப் புட்டியை உள்ளே எடுத்து வைத்துவிடாதீர்கள். இந்த முறையும் அது வேண்டும்.

"சவரக் கத்தியா? அது ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. வீட்டில் எந்தச் சாமான் கெட்டாலும் கடைசியில் நம் தலையில்தானே விடிகிறது! அதிலும் என் வீட்டில் கத்தியைக் கெடுத்ததே நான்தான்.

போன வருடம் மாமியாரின் டிரங்குப் பெட்டியை ஒழித்து வெயிலில் வைத்தபோது, எண்ணெய்த் துணியில் சுற்றிய மடக்குக் கத்தி ஒன்று அடியில் இருந்தது. காலமான என் மாமனாருடையது. கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பேர்போன ஜெர்மனியின் ஸோலிங்கன் ஊர்ப் பெயர் அதில் பொறித்திருந்தது. 1903-ல் அமெரிக்காவில் ஜில்லெட் கம்பெனி பிளேடு மாற்றும் ரேஸரை விற்க ஆரம்பிக்கும்வரை, பெரும்பாலான ஆண்கள் முகம் மழித்தது இந்த மாதிரிக் கத்தியால்தான்.

"தாத்தா கத்தியில நானும் ஷேவ் பண்ணிப் பார்க்கிறேம்மா" என்றான் என் மூத்த பிள்ளை. மாமியாருக்கு முகமெல்லாம் சந்தோஷம். எனக்கோ சுத்தம் முக்கியம். வெந்நீரும் சோப்பும் போட்டு நன்றாகக் கழுவி, மடக்கி, குளியலறை அலமாரியில் வைத்தேன். பத்து நாள் கழித்துத் திறந்தால், கத்தி முழுக்கப் பழுப்புப் பொட்டுகள்!

மாமியார் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க மாமா முப்பது வருஷம் வச்சிருந்தார். ஒரு பொட்டு துரு நான் பார்த்ததில்லே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புளி போட்டுத் தேய்க்கலாமா, தெருவில் வரும் சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். நல்லவேளை, இரண்டும் செய்யவில்லை. தெருக்கோடி சலூனில் இருக்கும் பெரியவரிடம் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போனேன். அவர் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் துரு பிடித்தது?

"அம்மா, இதுக்குத் தண்ணிதான் எமன்" என்றார் பெரியவர். நம் எவர்சில்வர் பாத்திரத்தில் குரோமியம் கலந்திருப்பதால் அது சுலபத்தில் துருப்பிடிப்பதில்லை. பழைய சவரக் கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகு. அரிவாள்மணையை ஈரத்தோடு வைத்தால் காலையில் என்ன கதியாகிறது? அதே கதைதான். அதிலும் கத்தியின் வாய் மிக மிக மெல்லியது. ஒரு சின்னத் துருப்பொட்டு போதும், கூர் போய்விடும். நான் ஈரத்தோடு மடக்கியதால், கைப்பிடிக்குள்ளும் ஆணி அடித்த மூட்டிலும் தண்ணீர் தங்கிவிட்டது.

புளி, எலுமிச்சை எல்லாம் பித்தளைக்குத்தான். இந்த எஃகைப் புளிப்பு அரித்துக் கறுக்க வைக்கும். சாணைச் சக்கரம் அதைவிட மோசம். சக்கரத்தின் சூட்டில் எஃகின் உறுதியே போய்விடும்; பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

பெரியவர் மெல்லிய துணியில் உலோகப் பாலீஷைத் தொட்டு, முதுகிலிருந்து வாயை நோக்கியே துடைத்தார். துணி வாய்க்கு எதிராகப் போனால் கூரும் கெடும், விரலும் போகும். ஒரு பொட்டு மட்டும் வாயையே தொட்டிருந்தது. அதைத் தீட்டுக்கல்லில்தான் போக்க வேண்டியிருந்தது. கத்தி வாயில் விரிசலோ ஆழமான அரிப்போ இருந்தால், அதை முகத்தில் வைக்கவே கூடாதாம்.

தினமும் செய்ய வேண்டியது

சவரம் முடிந்ததும் கத்தியின் அலகை மட்டும் தண்ணீரில் காட்டுங்கள். கைப்பிடி நனைய வேண்டாம். கொம்பு, மரக் கைப்பிடிகள் வெந்நீரில் ஊறினால் வளையும், வெடிக்கும். பிறகு உலர்ந்த பருத்தித் துணியால், முதுகிலிருந்து வாயை நோக்கித் துடையுங்கள். மூட்டுப் பக்கம் துணி நுனியை நுழைத்து ஈரத்தை எடுங்கள். உடனே மடக்காமல், பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் சற்று நேரம் திறந்தபடி காய விடுங்கள்.

அடுத்த நாளே எடுக்கப்போவதில்லை என்றால், தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மெல்லிசாகத் தடவுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினும் நல்லது. மறுபடி எடுக்கும்போது எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். வைக்கும் இடம் குளியலறை அல்ல. ஈரமில்லாத பீரோவின் மேல்தட்டு. மாத்திரைப் புட்டியில், செருப்புப் பெட்டியில் வரும் 'சிலிக்கா ஜெல்' பொட்டலத்தை எறியாமல் பக்கத்தில் போட்டு வையுங்கள். தோல் உறை பார்க்க அழகுதான். ஆனால் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். நாள்கணக்கில் அதில் வைக்க வேண்டாம்.

தோல்வாரில் தீட்டுவது

சவரத்துக்கு முன்பு கத்தியைத் தோல்வாரில் தேய்க்கிறார்களே, அது இரும்பைத் தேய்ப்பதற்கு அல்ல. வாயின் நுனி நெளிந்திருப்பதை நேராக்குவதற்கு. வாரின் ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையைத் தொய்யாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். கத்தியைப் படுக்க வைத்து, முதுகு முன்னே போக, வாய் பின்னே வர வேண்டும். முனைக்கு வந்ததும் முதுகின் மேலேயே புரட்டி, திரும்பி வர வேண்டும். வாயின் மேல் புரட்டினால் கூர் மழுங்கும். அழுத்தக் கூடாது. கத்தியின் சொந்தக் கனமே போதும். போகவர நாற்பது, ஐம்பது தடவை.

"வேகம் வேண்டாம் தம்பி, வேகமெல்லாம் தானா வரும்" என்றார் பெரியவர். என் பிள்ளை கேட்டானா? முதல் நாளே வாரில் ஒரு வெட்டு! பிறகு, கூரில்லாத ஜாம் தடவும் கத்தியை வைத்து ஒரு வாரம் பழகச் சொன்னார். உங்கள் வீட்டிலும் அப்படியே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

கல்லில் தீட்டுவது வேறு வித்தை. அங்கே முதுகும் வாயும் இரண்டும் கல்லில் படிய, வாய் முன்னே போக வேண்டும். தோலுக்கு நேர் எதிர்! தோலில் தீட்டியும் கத்தி முடியை வெட்டாமல் இழுத்தால், கல்லுக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். சில மாதங்களுக்கு ஒரு முறை வரும். புதிதாகப் பழகுகிறவர்கள் இதைத் தெரிந்தவரிடமே விட்டுவிடுவது நல்லது.

ஆளுக்கொரு கத்தி

கத்தி பளபளவென்று ஆனதும், "இனி நானும் இதையே எடுத்துக்கிறேன்" என்றாரே என் கணவர்! நான் கண்டிப்பாகக் கூடாது என்றுவிட்டேன். அப்பா, பிள்ளை, அண்ணன், தம்பி யாரானாலும் கத்தி ஆளுக்கு ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும், ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. கிருமிகள் பரவலாம். ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கக்கூடியது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேனே என்று நம்பியும் பகிர்ந்துகொள்ளக் கூடாது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்கு முடி இறக்கும்போது, உறை பிரித்த புது பிளேடு போடுகிறார்களா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்று. கத்தி கை நழுவினால் பிடிக்கப் பாயக் கூடாது. ஒரு அடி பின்னால் தள்ளி நின்று விழ விட வேண்டும். கத்தி போனால் போகிறது, விரல் வருமா? சின்னக் கீறல் என்றால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, பிறகு படிகாரக் கல்லை நனைத்துத் தடவலாம். அந்தக் கல்லும் ஆளுக்கு ஒன்றுதான்.

கத்தி இப்போது நன்றாக இருக்கிறது. ஒரு பக்கத்தில் கடுகளவு கறுப்பு மட்டும் போகவில்லை. அது நான் வைத்த பொட்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் துணியைத் தேடி என் கை போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை கொல்லைப்புறத்தில் தோல்வார் சத்தம் கேட்டது. மாமியார் கையிலிருந்த காபியை வைத்துவிட்டு, சிறிது நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அவனைக் கொஞ்சம் மெதுவாகத் தீட்டச் சொல்லு. உங்க மாமா இவ்வளவு அவசரப்பட மாட்டார்" என்றார். எனக்கு அப்போதுதான் மனசு ஆறியது.