இருளும் ஓர் இயற்கை வளம்

கார்த்திகைத் திங்களில் மழை ஓய்ந்த முன்னிரவொன்றில், தேவனாம்பட்டினக் கடற்கரையில் கிழக்கு நோக்கி நிற்போர்க்குக் கடலுக்கு மேலே சிறு கொத்தாக ஆறு விண்மீன்கள் தோன்றும். பழந்தமிழர் அறுமீன் என்று வழங்கிய கார்த்திகைக் கூட்டம் அதுவே. ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அக்கூட்டம், தூசுப் படலம் ஒன்றினூடே கடந்து செல்கிறது. அத்தூசுக்குத் தனியொளி இல்லை. விண்மீன்களின் ஒளியைச் சிதறடித்து நீலமாய்த் தெரிகிறது. அத்தூசொளியின் நிறமாலை, அருகிலுள்ள விண்மீனின் நிறமாலையை ஒத்திருப்பதை 1912இல் வெஸ்டோ ஸ்லைஃபர் கண்டறிந்தார். இத்தகைய படலத்தை எதிரொளிப்பு நெபுலா என்பர்.

அந்நீலம் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. ஒளிப்படக் கருவியே அதனைக் காட்ட வல்லது. புவியின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்பும் தாங்கியில் கருவியைப் பொருத்தி, சில நிமிடங்கள் நீளும் படங்கள் பலவற்றை எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். பல மணிநேர ஒளி இவ்வாறு திரளும். ஆனால், மின்விளக்குகளின் ஒளி காற்றில் சிதறி வானை வெளிறச் செய்தால், அவ்வெளிறலும் உடன் திரளும். கணினியால் வெளிறலைக் கழிக்கலாம்; அது விட்டுச்செல்லும் புள்ளி புள்ளியான கலக்கத்தைக் கழிக்க இயலாது. எனவே, விலையுயர்ந்த கருவி இருந்தால் போதும் என்பது பிழையான எண்ணம். திருக்கார்த்திகை நாளிலேயே படமெடுக்க விழைவோரும் ஏமாறுவர். அன்று முழுநிலவு அக்கூட்டத்தின் அருகிலேயே நிற்கும். நிலவொளியாவது அமாவாசையில் நீங்கும், விளக்கொளி நீங்குவதில்லை.

இருளின் தேவையை உணர்ந்தே, வைணு பாப்பு நகரங்களுக்கு அப்பால் சவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தார். 1986இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி பயன்பாட்டுக்கு வந்தது. லடாக்கின் ஹான்லே பகுதி 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

மலைக்குப் பொருந்தியது கடற்கரைக்குப் பொருந்தாதா? மீனவரும் கடற்கரைக்கு வருவோரும் அச்சமின்றி நடமாட விளக்கு வேண்டும் என்னும் வாதம் நியாயமானதே. எனினும், விளக்கை அணைக்க வேண்டியதில்லை. மேற்புறம் மூடி, தரை நோக்கி அமைத்தால் போதும். தமிழகக் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகளும் வெளிச்சமான அடிவானத்தையே கடலென்று கொண்டு நகர்கின்றன. கரைவிளக்கு அவற்றைத் திசைமாற்றிவிடுகிறது. நடைபாதையில் மட்டும் ஒளி விழுமாறு செய்தால், அவையும் கடலைச் சேரும். பழுதான விளக்குகளை மாற்றும்போதே மூடியுள்ளவற்றைப் பொருத்துவது பெருஞ்செலவன்று. மேல்நோக்கி வீணாகும் ஒளி நடைபாதைக்குக் கிடைப்பதால், குறைந்த திறனுள்ள விளக்கே அங்குப் போதுமானதாகும்.