முக்கு வரும்போது



சென்ற மாதம் ஒரு காலை, திருவனந்தபுரம் வெள்ளயம்பலம் ரவுண்டானாவுக்குள் எனக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் சுற்றிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் சீருடை அணிந்த ஒரு சிறுமி. சாஸ்தமங்கலம் சாலையிலிருந்து வந்த கார் ஒன்று நிற்காமல் உள்ளே நுழைய, ஸ்கூட்டர் தடுமாறிச் சரிந்தது. நல்லவேளை, முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. காரை ஓட்டியவர் பதறிப்போய் ஓடி வந்து தூக்கிவிட்டார். "நான் வருவதைப் பார்த்து நிறுத்தியிருக்கலாமே" என்றும் கேட்டார். அவர் கெட்ட மனிதர் அல்லர். ரவுண்டானாவுக்குள் இருப்பவருக்கே முதல் வழி, நுழைகிறவர்தான் காத்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று முதல் இதை உங்களிடம் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

வழிகளை எண்ணி முச்சந்தி, நாற்சந்தி என்று பெயர் வைத்தவர்கள் நாம். நாகர்கோவில் பக்கம் 'முக்கு' என்போம். மலையாளிகளுக்கும் அது முக்குதான். பாலராமபுரத்துக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே வழிமுக்கு என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஆனால் எல்லா முக்கும் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு.

முதலில் ரவுண்டானா. இருவழிச் சாலைகள் நான்கு கூடும் சாதாரண நாற்சந்தியில், வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய இடங்கள் 32 என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதே நான்கு சாலைகளை ஒற்றைத் தட ரவுண்டானாவில் சேர்த்தால் அது 8 ஆகக் குறைகிறது. ஆனால் நுழைகிறவர் வழிவிட்டால்தான் அந்தப் பயன் கிடைக்கும். பிரிட்டனில் 1966-ல் இதை விதியாக்கிய பிறகுதான் ரவுண்டானாக்கள் அடைத்துக்கொள்ளாமல் ஓடத் தொடங்கின. நம் நாட்டின் 2017 வாகன ஓட்டுதல் விதிமுறைகளும் இதையே சொல்கின்றன. எனவே வேகத்தைக் குறையுங்கள், வலப்பக்கம் பாருங்கள், இடைவெளி கிடைத்ததும் நுழையுங்கள், வெளியேறும் முன் இடது இண்டிகேட்டர் போடுங்கள்.

அடுத்தது கவைபோலப் பிரியும் சந்திப்பு. கேசவதாசபுரத்தில்தான் அங்கமாலி வரை செல்லும் எம்.சி. ரோடு தொடங்குகிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து, திருவிதாங்கூர் திவானாகிச் சாலைகள் அமைத்த ராஜா கேசவதாசனின் பெயர் தாங்கிய இடம். இங்கே எந்தக் கிளையில் போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அந்தத் தடத்துக்கு வந்துவிட வேண்டும். பிரியும் இடத்தில் வந்து திடீரென்று வண்டியை ஒடிப்பதுதான் ஆபத்து. தவறான கிளையில் போய்விட்டால் போகட்டும், சற்றுத் தள்ளித் திரும்பி வரலாம்.

மூன்றாவது, சிக்னலோ போலீஸ்காரரோ இல்லாத முக்கு. சிறிய சாலையிலிருந்து வருகிறவர் பெரிய சாலையில் போகிறவருக்கு வழிவிட வேண்டும். இரண்டும் சமமான சாலை என்றால் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி. இங்கே இன்னொரு கவனமும் வேண்டும். கார் கண்ணாடியின் ஓரத்தூண் ஒரு பைக்கையே மறைத்துவிடும். ஆகவே தலையைச் சற்று முன்னும் பின்னும் அசைத்து, இரண்டு முறை பாருங்கள்.

சிக்னல் இருக்கும் சந்திப்பில் பச்சை விழுந்தது என்றால் பார்க்காமல் பாயலாம் என்று பொருளல்ல. குறுக்கே சிவப்பைத் தாண்டி ஒருவர் வந்துகொண்டிருக்கலாம். மஞ்சள், வேகமெடுக்கச் சொல்லும் விளக்கும் அல்ல. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி 14 மீட்டர் ஓடிவிடும், கால் பிரேக்கைத் தொடும் முன்பே. இரவில் மஞ்சள் விட்டுவிட்டு எரிந்தால் மெதுவாக, எச்சரிக்கையாகக் கடக்க வேண்டும். சிவப்பு அப்படி எரிந்தால் நின்று பார்த்துத்தான் போக வேண்டும்.

இரு சக்கர வண்டியில் செல்லும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: திரும்பும் பஸ்ஸின் இடப்பக்கம் ஒருபோதும் நுழையாதீர்கள். பஸ்ஸின் பின்சக்கரம் முன்சக்கரம் போன பாதையில் வராது, உள்வாங்கி வரும். அங்கே நிற்பவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

நாகர்கோவில் பக்கமிருந்து களியக்காவிளை தாண்டி, பாலராமபுரம் வழியாக மெடிக்கல் காலேஜுக்கும் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்கும் வரும் ஆம்புலன்ஸ்களில் நம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவற்றுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019 சட்டத்திருத்தம். அபராதத்துக்காகவா நாம் ஒதுங்குவோம்? உள்ளே மூச்சுக்குப் போராடும் ஒருவருக்காக ஒதுங்குவோம்.

வெள்ளயம்பலம் ரவுண்டானாவில் நிற்பது அய்யன்காளியின் சிலை. பொது வழியில் நடக்கவே சில சாதியினருக்குத் தடை இருந்த காலத்தில், 1893-ல் வில்வண்டியில் ஏறி அப்படித் தடுக்கப்பட்ட சாலையிலேயே சென்றவர் அவர். சாலை எல்லோருக்கும் பொது என்பதை அடி வாங்கி, போராடி நிலைநாட்டிய மனிதர். அவர் காலடியைச் சுற்றி வண்டி ஓட்டும் நாம், நடந்து கடக்கும் முதியவருக்கும் ஸ்கூட்டரில் போகும் சிறுமிக்கும் அந்தப் பொதுவழியில் உள்ள பங்கைக் கொடுக்கிறோமா?

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்கள் ஒவ்வொருவருக்காகவும் ஒரு வீடு காத்திருந்தது.

உங்கள் வீட்டில் புதிதாக லைசென்ஸ் வாங்கிய பிள்ளை இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு வண்டியில் போங்கள். நீங்கள் அன்றாடம் கடக்கும் முக்குகளில் யாருக்கு முதல் வழி என்று நின்று காட்டுங்கள். வழிவிடுகிறவர் இழப்பது சில நொடிகள்தான். அந்த நொடிகளைத் தயங்காமல் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்