மகனிடம் பிரஸ் கேட்காதீர்கள்

நம் மாவட்டத்தில் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் என் வயதுக்காரர்களிடம் இப்போது ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. ஓய்வு பெற்றாகிவிட்டது, பிள்ளைகள் செட்டிலாகிவிட்டார்கள், இளமையில் விட்ட குறிசுடுதலை மறுபடி தொடங்கலாம் என்று ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் நாலு தடவை ரேஞ்சுக்குப் போய்வந்ததும் தோட்டா விலை கையைக் கடிக்கிறது. உடனே ஒருவர் யோசனை சொல்கிறார்: "அமெரிக்காவில் வீட்டிலேயேதான் சார் தோட்டா கட்டுகிறார்கள். உங்கள் பையன்தான் அங்கே இருக்கிறானே, வரும்போது ஒரு பிரஸ் கொண்டுவரச் சொல்லுங்கள்." அப்புறம் லீயா, ஆர்சிபிஎஸ்ஸா, டில்லனா, மணிக்கு எத்தனை தோட்டா வரும் என்று காணொளி பார்த்துக்கொண்டு ஒரே பட்டிமன்றம்.

அந்தப் பட்டிமன்றமே வேண்டாத வேலை என்பதுதான் என் கட்சி.

1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தை எடுத்து 2ஆம் பிரிவைப் படியுங்கள். 'அம்யூனிஷன்' என்பதற்கு அங்கே கொடுத்திருக்கும் விளக்கத்தில் தோட்டா மட்டும் இல்லை. தோட்டாவின் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரமும் சேர்ந்தே வருகின்றன. பக்கத்தில் ஒரு சிட்டிகை மருந்துகூட இல்லாமல் மேஜையில் முடுக்கி வைத்த வெறும் இரும்புப் பிரஸ்கூட, சட்டத்தின் கண்ணுக்கு அம்யூனிஷன்தான். "எனக்குத்தான் லைசென்ஸ் இருக்கிறதே" என்பார்கள். இருப்பது வைத்துக்கொள்ள லைசென்ஸ். தயாரிக்க வேறு லைசென்ஸ், அது 5ஆம் பிரிவு. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இன்னொன்று, அது 10ஆம் பிரிவு. உரிமமில்லாமல் தயாரித்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 வருடம். அப்பாவின் பொழுதுபோக்குக்காக மகன் சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி முன்னால் பெட்டியைத் திறந்துகொண்டு நிற்க வேண்டுமா? தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கியையே கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வீடு திரும்புகிறவர்கள் நாம். இதெல்லாம் தெரியாதவர்களா?

சட்டத்தை விடுங்கள், அதைவிடப் பெரிய ஆபத்து நம் ஞாபகத்தில் இருக்கிறது. நாம் வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்து, உரிமம் புதுப்பிக்க வேலூருக்குப் பஸ் ஏறிய காலத்தில், பெரியவர்கள் பித்தளைத் தோட்டாவில் மருந்து அடைப்பதைத் திண்ணையோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பிள்ளைகள் நாம். கேப் வைத்து, ஒரு சின்ன அளவைக் குப்பியால் கருமருந்தை மொண்டு போட்டு, அட்டை வைத்து அழுத்தி, ரவையைக் கொட்டி மூடிவிடுவார்கள். முன்னே பின்னே இருந்தாலும் கருமருந்து ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இன்றைய புகையில்லா மருந்து அப்படியில்லை. அதை மொண்டு போடக் கூடாது, கிரெய்ன் கணக்கில் நிறுக்க வேண்டும். ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். கருமருந்துக் குப்பியில் புகையில்லா மருந்தை நிரப்பிப் போட்டால் குழல் வெடிக்கும். அதிலும் தாத்தா காலத்து முறுக்குக் குழல் துப்பாக்கி என்றால் கேட்கவே வேண்டாம், அந்தக் குழல் புகையில்லா மருந்துக்காகச் செய்ததே இல்லை. "எனக்கு இதெல்லாம் சின்ன வயதிலேயே தெரியும்" என்று ஒருவர் சொன்னால், அவரைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பயம்.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். பட்டிமன்றத்தில் எப்போதும் ஜெயிப்பது புரோகிரஸிவ் ரகம். கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்தால் நாலைந்து இடத்தில் ஒரே நேரத்தில் வேலை நடந்து, ஒரு தோட்டா முழுசாக வந்து விழும். தினமும் நூற்றுக்கணக்கில் சுடுகிறவனுக்கு அது சரி. முப்பது நாற்பது வருடம் கழித்துத் திரும்பி வருகிறவனுக்கு எதற்கு? நாலைந்து இடத்திலும் ஒரே சமயத்தில் கண் இருக்க வேண்டும். நடுவில் எங்காவது சிக்கி, கைப்பிடியை முன்னே பின்னே ஆட்டினால் ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுந்துவிடலாம். கைத்துப்பாக்கித் தோட்டாவில் மருந்து கொஞ்சம்தான், இரட்டிப்பாக விழுந்தாலும் உள்ளே இடமிருக்கும், வெளியே தெரியாது. காலையில் சர்க்கரைக்கு மருந்து போட்டோமா என்று மத்தியானம் சந்தேகப்படுகிற வயது நமக்கு. அந்த மருந்தை மறந்தால் டாக்டர் திட்டுவார், அவ்வளவுதான்.

இவர்களுக்குச் சொல்லிப் புரியாத இன்னொரு விஷயம். நம் பக்கம் பெரும்பாலும் இருப்பது பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கிய 12 போர். காணொளியில் வரும் பிரஸ்ஸெல்லாம் ரைபிளுக்கும் கைத்துப்பாக்கிக்குமான பித்தளைக் கூட்டுக்கு உரியவை. 12 போர் பிளாஸ்டிக் கூட்டின் வாயை மடித்து மூட வேறு இயந்திரம் வேண்டும், அமெரிக்காவில் மெக் கம்பெனி செய்வதுபோல. தன் துப்பாக்கிக்கே பொருந்தாத இயந்திரத்துக்காக ஒரு நண்பர் மூன்று வாரம் சண்டை போட்டார். கடைசியில் அவர்தான் ஜெயித்தார் என்று நினைக்கிறேன்.

தோட்டா விலை ஒரு பிரச்சினையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ட்ராப் போட்டியின் தகுதிச் சுற்றில் மட்டும் பறக்கும் தட்டு 125. ஒரு தட்டுக்கு இரண்டு தடவை சுடலாம். பயிற்சிக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் நம் புதுக்கோட்டைக்காரர், மன்னர் குடும்பம். செங்கத்திலோ ஜமுனாமரத்தூரிலோ பிறந்து, அதே அளவு கண்ணும் கையும் உள்ள பையனுக்குத் தோட்டா யார் வாங்கிக் கொடுப்பார்கள்? அவனுக்காகக் கேளுங்கள். உரிமம் பெற்ற ரைபிள் கிளப்பில், பூட்டிய தனி அறையில், பதிவேடு போட்டு, பயிற்சிக்கான தோட்டாவை மறுபடி அடைத்துக்கொள்ள ஒழுங்கான அனுமதி வேண்டும் என்று கலெக்டருக்கு மனு எழுதுங்கள், உள்துறைக்கு எழுதுங்கள். நம் வயதில் நமக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆயுதம் மனுதானே. அப்படிக் கேட்பதற்குப் பதில் ஆளுக்கொரு பிரஸ்ஸைத் திருட்டுத்தனமாக மாடியில் வைத்துக்கொண்டால், ஒரு வீட்டில் வெடித்த மறுநாளே எல்லாருடைய லைசென்ஸுக்கும் வேட்டு.

அதுவரை கை துறுதுறுவென்று இருந்தால் 10 மீட்டர் ஏர் ரைபிள் இருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் பெல்லட். அடைக்க மருந்தும் இல்லை, கேப்பும் இல்லை. அபினவ் பிந்த்ரா 2008இல் தங்கம் வாங்கியது அதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதுதான்.

கிளப்புக்கு ஒருநாள் அனுமதி கிடைத்து, ரைபிள் தோட்டாவுக்கு எந்தப் பிரஸ் என்று என்னைக் கேட்டால், ஒரு வேலைக்கு ஒரு இழுப்பு என்று போகும் சிங்கிள் ஸ்டேஜ்தான் என்பேன். ஐம்பது கூட்டிலும் மருந்து போட்டு, பலகையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்த பிறகுதான் அதில் குண்டு ஏறும். ஐம்பது தோட்டாவுக்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆகும். ஆகட்டுமே, ரிட்டயர் ஆனவர்களுக்குச் சாயங்காலத்துக்கா பஞ்சம்?