நிற்கும் வண்டியில் இறங்கும் பேட்டரி

காய்கறி ஏற்றும் பழைய டீசல் ஜீப், இரண்டு நாள் நின்றாலே ஸ்டார்ட் ஆவதில்லை; தள்ளிக் கிளப்பி சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் விலை இறங்கிவிடுகிறது, புது பேட்டரி வாங்கலாமா என்று கேட்கிறார் ஒட்டன்சத்திரம் வாசகர் ஒருவர்.

அவசரப்பட்டு வாங்க வேண்டாம். முதலில் பேட்டரி வயர்களைக் கழற்றி (நெகட்டிவ்தான் முதலில்), முனைகளில் பூத்திருக்கும் உப்பைச் சுடுநீரில் கழுவி, துடைத்து, இறுக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் காட்டினால், ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது.

அதன் பிறகும் பேட்டரி இறங்கினால், கரன்ட் எங்கோ கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் கோர்க்கவும். இந்த நிலையில் சாவி போட்டு ஸ்டார்ட் செய்யவே கூடாது, மீட்டர் போய்விடும். 0.05 ஆம்பியருக்கு மேல் காட்டினால் கசிவு உண்டு. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கவும். எதை எடுத்ததும் அளவு சட்டென்று இறங்குகிறதோ, கோளாறு அந்த லைனில்தான். பெரும்பாலும் பிற்பாடு மாட்டிய பாட்டுப்பெட்டியோ, கூடுதல் விளக்கோதான் அகப்படும். கொட்டகையில் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்த வயரையும் தேட வேண்டும்.

எல்லா ஃபியூஸையும் எடுத்தும் குறையவில்லையா? ஆல்டர்னேட்டர் டையோடை எலெக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லலாம். கசிவே இல்லையென்றால்தான் புது பேட்டரி.