அந்தக் கிணறு யாருடையது?

சமீப காலமாக நமக்கு வந்து சேரும் குறும்படங்களில் ஒரு காட்சி தவறாமல் இருக்கிறது. மேலிருந்து ட்ரோன் இறங்கும். ஒரு பையன் ஓடிவந்து கிணற்றில் குதிப்பான். புல்லாங்குழல் ஒலிக்க, 'அதெல்லாம் ஒரு காலம்' என்று ஒரு குரல் உருகும். அந்தக் கிணறு யாருடையது, அந்தப் பையன் எந்தத் தெரு என்று மட்டும் படம் சொல்லாது.

மரக்காணத்தில் நாங்கள் நீந்தப் பழகியது கிணற்றில் அல்ல, உப்பங்கழியில். பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற இடம் இது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழுவேலி, நடுவில் உப்பளப் பாத்திகள். சுற்றிலும் தண்ணீர்தான். குளித்துக் கரையேறினால் கண் எரியும், காய்ந்ததும் முடியில் உப்புப் பூக்கும். அதைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். அது பம்புசெட்டில் இருந்தது. போனால் 'எந்தத் தெருடா நீ' என்பார்கள். நீச்சலைவிட அந்தக் கேள்விக்குத் தப்பி ஓடத்தான் முதலில் கற்றோம்.

இங்கிலாந்தில் ஆற்றிலும் ஏரியிலும் நீந்துவதை ஓர் இயக்கமாகவே வளர்த்திருக்கிறார்கள். ரோஜர் டீக்கின் 1999இல் எழுதிய 'வாட்டர்லாக்' அதற்குப் பெரிய தூண்டுதல். அங்கிருந்து வரும் குறும்படங்களில், மனம் உடைந்த ஒருவர் குளிர்ந்த நீரில் இறங்கித் தேறிக் கரையேறுவார். நன்றாகத்தான் இருக்கின்றன, நாங்களும் ரசித்தோம். ஆனால் அவருக்காகக் கரையில் யாரும் கல்லோடு காத்திருப்பதில்லை.

1919 ஜூலை 27 அன்று சிகாகோவில் காத்திருந்தார்கள். மிச்சிகன் ஏரியில் மிதந்துகொண்டிருந்த யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன், வெள்ளையர் தங்களுடையது என்று வைத்துக்கொண்ட பகுதிக்குள் போய்விட்டான். கல்லெறிந்தார்கள், மூழ்கிச் செத்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள். 2023இல் மாரி செல்வராஜ் 'மாமன்னன்' படத்தில், குளிக்கிற சிறுவர்கள்மீது கல் விழுவதைக் காட்டினார். 'இப்பல்லாம் எங்க நடக்குது' என்று கேட்டவர்கள் உண்டு. 2018 ஜூனில் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டம் வாகடி கிராமத்தில், கிணற்றில் குளித்த தலித் சிறுவர்கள் இருவரை நிர்வாணமாக்கி அடித்தார்கள். அதைக் கைப்பேசியில் படமும் எடுத்தார்கள். அதுவும் கிணற்றுக் குளியல் பற்றிய ஒரு குறும்படம்தான், தோழர்களே. கேமரா அவர்கள் கையில் இருந்தது. 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தபோது, தீட்டுக் கழிக்கச் சடங்கு செய்த அதே மாநிலம்.

மரக்காணத்துக்கும் கேமராக்கள் வருகின்றன. வெள்ளை உப்புக் குவியல், பின்னால் சூரியன் என்று எடுத்துப் போகிறார்கள். நாள் முழுக்க உப்புநீரில் நிற்கும் எங்கள் அம்மாக்களின் வெடித்த பாதத்தை நோக்கி ட்ரோன் இறங்குவதில்லை. தண்ணீரிலேயே ஆயுளைக் கழித்த அவர்களில் நீந்தத் தெரிந்தவர்கள் மிகச் சொற்பம். பெண் பிள்ளை குதிக்கிற படம் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்?

படம் எடுக்க நினைக்கும் மாணவர்கள், ஐப்பசி மழை பாத்திகளை மூழ்கடிப்பதற்குள் வாருங்கள். கழியில் குதிக்கிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். குதிப்பதோடு கேமராவை நிறுத்திவிடாதீர்கள். கரையேறிய பிறகு உப்பைக் கழுவ எந்தக் குழாய்க்குப் போகிறார்கள், யார் வீட்டைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்பதுவரை கூடவே நடந்து வாருங்கள்.