கடைக்கு ஆள் தரும் தரகர்

முன்பெல்லாம் காந்தி மார்க்கெட் மண்டிக்கோ ஸ்ரீரங்கம் மளிகைக் கடைக்கோ ஆள் வேண்டுமென்றால் சொந்த ஊரில் சொல்லி வைப்போம். இன்று பலருக்கும் தரகர்தான் வடமாநிலங்களிலிருந்து ஆள் கொண்டு வருகிறார். அதில் தவறில்லை. ஆனால் பருப்பு மூட்டையைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிற நாம், தரகரை விசாரிப்பதே இல்லை.

வைகுண்ட ஏகாதசி நெருங்கும்போது அவசரப்பட்டு முழுக் கமிஷனையும் கொடுத்துவிடுகிறோம். பத்தே நாளில் ஆள் மாயம்! அவரையே அடுத்த வீதிக் கடையில் சேர்த்துவிட்டு மறு கமிஷன் வாங்கும் தரகர்களும் உண்டு. பாதியைச் சேரும்போதும், மீதியை மூன்று மாதம் கழித்தும் தருவதாகப் பேசுங்கள். நல்ல தரகர் ஒப்புவார்.

சம்பளத்தை மட்டும் தரகர் கையில் கொடுக்கவே கூடாது. உழைப்பவரிடம் எவ்வளவு பிடித்தார் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும். ஆதார் அட்டையைத் தம்மிடம் வைத்துக்கொள்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

வயதையும் நாமே பார்க்க வேண்டும். 14 வயது நிறையாதவரை வேலைக்கு வைத்தால், 2016 சட்டத் திருத்தப்படி குறைந்தது 6 மாதச் சிறை, அல்லது 20,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'தரகர் சொன்னார்' என்று நாம் தப்ப முடியாது.

வந்தவர் ஏன் நிற்பதில்லை என்றும் யோசிப்போம். கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டுமென்று 2021-லேயே தமிழக அரசு சட்டம் திருத்தியது. நம் கடைகளில் எத்தனை முக்காலி இருக்கிறது?