இறாலை விற்று டானிக் வாங்குகிறோம்!



ஆண்டு மலருக்குக் காதல் கவிதை எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். "உனக்கு எதுக்குடா அது? உருப்படியா ஏதாச்சும் எழுது" என்று அறை நண்பர்கள் தடுத்துவிட்டார்கள். ஆகவே தினமும் மூன்று வேளை நாம் பார்க்கிற, ஆனால் யாரும் யோசிக்காத ஒரு விஷயத்தை எழுதுகிறேன். அதுதான் சாப்பாடு!

முதலாம் ஆண்டு சேர்ந்த புதிது. காட்டுப்பள்ளிப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து வந்தவன் நான். ஒரு நாள் அம்மா நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கட்டிக் கொடுத்திருந்தார். டிபன் பாக்ஸைத் திறந்ததுதான் தாமதம், பக்கத்தில் இருந்தவன் "இன்னாடா இது, கவுச்சி அடிக்குது" என்று தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டான். மறுநாளிலிருந்து எனக்குத் தயிர் சாதமும் ஊறுகாயும்தான். அதே வகுப்பில் இன்னொரு நண்பன், வீட்டில் வறுத்த மாட்டுக்கறியை "மட்டன்" என்று பொய் சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்று மூன்றாம் ஆண்டில் நின்று கேட்கிறேன்: நாங்கள் ரெண்டு பேரும் எதற்காக வெட்கப்பட்டோம்?

போன செமஸ்டரில், ஜிம்முக்குப் போகிற நண்பன் ஒருவன் செல்போனில் ஒரு சமையல் குறிப்பைக் காட்டினான். மாட்டிறைச்சி, டோஃபு, காய்கறி மூன்றையும் பெரிய தீயில் சட்டென்று வதக்கி எடுப்பது. வெளிநாட்டில் இதுதான் உடம்பு ஏற்றுகிறவர்களின் சாப்பாடாம்! பெயர்தான் பெரிசு. மாட்டுக்கறி நமக்குத் தெரிந்ததே. டோஃபு என்பது சோயாப் பாலைத் திரித்து, பன்னீர் மாதிரி அழுத்தி எடுத்த கட்டி. அவ்வளவுதான். டிப்ளமோ படிக்கிறவர்களுக்குக் கணக்குப் போடாமல் தூக்கம் வருமா? போட்டோம்.

கொழுப்பு அதிகம் இல்லாத மாட்டுக்கறி 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம். இரும்புச்சத்து 2 மில்லிகிராம் அளவுக்கு. செடி கொடிகளில் கிடைக்காத வைட்டமின் பி12 வேறு. டோஃபு 100 கிராமில், அதன் கெட்டித்தன்மையைப் பொறுத்து, 8 முதல் 15 கிராம் புரதம். காய்கறியில் புரதம் ஒன்றிரண்டு கிராம்தான். ஆனால் நார்ச்சத்தும், குடைமிளகாய் போட்டால் வைட்டமின் சி-யும் உண்டு. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. கூட்டிப் பார்த்தால் ஒரே தட்டில் ஏறக்குறைய 30 கிராம் புரதம்! ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 54 கிராம். 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம். ஆக, பாதி நாள் கணக்கு ஒரு தட்டில் முடிந்தது.

இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. சோயாவில் உள்ள இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் தடுக்கும். கூடவே இறைச்சியும் வைட்டமின் சி-யும் இருந்தால் அந்தத் தடை தளரும். பல்சக்கரம் மாதிரி ஒன்றை ஒன்று தள்ளிவிடுகிறது. குறையும் இல்லாமலில்லை. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் எல்லையே 2000-தான்! சிவப்பு இறைச்சியை அளவுக்கு மீறித் தினமும் தின்றால் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு என்று 2015-இல் அதே நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு எச்சரித்ததையும் மறைக்கக் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு!

கணக்கை முடித்தபோது எனக்கு எங்கள் வீட்டு அடுப்பங்கரை ஞாபகம் வந்தது. இறால் 100 கிராமிலும் அதே 20 கிராம் புரதம். பி12-ம் உண்டு. முள்ளோடு மென்று தின்கிற நெத்திலியில் கால்சியம். கொல்லையில் நிற்கிற முருங்கைக்கீரை 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், 4 மில்லிகிராம் இரும்பு. கூட ஒரு கைப்பிடி பச்சைப்பயறு சுண்டல். டோஃபுவைத் தேடிச் சென்னைக்கு ஓட வேண்டாம், வெளிநாட்டுத் தட்டு எங்கள் ஏரிக்கரையிலேயே இருக்கிறது!

இருக்கிறது, சரி. நாங்கள் சாப்பிடுகிறோமா?

பழவேற்காடு ஏரியில் விடியற்காலையில் பிடித்த இறால் கரைக்கு வந்ததும் ரகம் பிரியும். "பெருசு ஏவாரிக்கு, பொடிசு நமக்கு" என்பார் அம்மா. பாடு சரியில்லாத நாளில் பொடிசும் ஏவாரிக்குத்தான். வீட்டில் ரேஷன் அரிசிச் சோறு, ரசம், ஒரு துண்டு கருவாடு. இரண்டு வருடங்களுக்கு முன் என் தங்கை பள்ளியில் மயங்கி விழுந்தாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8. டாக்டர் மாத்திரை எழுதினார். அம்மா மனசு கேட்காமல், அன்றைக்கு இறால் விற்ற காசில் மெடிக்கல் ஷாப்பில் ஒரு டானிக்கும் வாங்கி வந்தார். அந்தப் பாட்டிலைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. டீசலுக்குக் காசு வேண்டும், வலைக்கு வேண்டும், வட்டிக்கு வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது படகும் வலையும் கறுத்துப் போன குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு கூடை மீனின் விலை என்னவென்று சொல்வார்கள். என் தங்கை ஒருத்தி மட்டுமா? 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை!

இது புதுக் கதையும் அல்ல. நம் குன்னூரில் 1920-களில் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் போட்டு வளர்த்தார். கோதுமை, பால், பயறு, காய்கறி தின்ற எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. தீட்டிய அரிசியையே நம்பிய சென்னை மாகாணச் சாப்பாடு கடைசி வரிசையில் நின்றது. அவர் 1918-இல் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் 1958-இல் ஐதராபாத் போய், மேலே சொன்ன நிறுவனமாக இருக்கிறது. நூறு வருடமாகத் தெரிந்த விஷயம், நம் விடுதித் தட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. சோறு மலை, சாம்பார் ஆறு, பொரியல் ஒரு கரண்டி!

சாப்பாட்டில் சாதி பார்க்கிறோம், அந்தஸ்து பார்க்கிறோம், வாசனை பார்க்கிறோம். சத்தை மட்டும் பார்ப்பதில்லை. மாட்டுக்கறி சாப்பிடாதவரை யாரும் சாப்பிடச் சொல்லவில்லை. அது அவரவர் விருப்பம், அதை மதிக்க வேண்டும். ஆனால் சாப்பிடுகிறவன் ஒளிந்துகொண்டு சாப்பிட வேண்டிய அவசியம் என்ன? சைவம் சாப்பிடுகிறவருக்குப் பாலும் பயறும் சோயாவும் இருக்கின்றன. எல்லார் தட்டுக்கும் மரியாதை ஒன்றுதான்.

ஆகவே நம் மாணவர் பேரவைக்குச் சில வேண்டுகோள்கள். விடுதியில் அசைவர்களுக்குத் தினம் ஒரு முட்டை (6 கிராம் புரதம்!), சைவர்களுக்கு அதற்கு ஈடாகச் சுண்டலோ சோயாவோ கேளுங்கள். வாரம் ஒரு நாள் மீன் போடுங்கள். அதை எங்கள் குப்பத்துப் பெண்களிடமே நேரடியாக வாங்குங்கள், அவர்களுக்கும் நாலு காசு கூடக் கிடைக்கும். கீரை போடுகிற அன்று எலுமிச்சைத் துண்டு ஒன்று வையுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுவோம். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இதற்குப் பைசா செலவில்லை.

கடைசியாக ஒன்று. என் தங்கைக்கு இப்போது தேவலை. மாத்திரையோடு, வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரையும் பொடி இறாலும் சேர்த்து வதக்கித் தருகிறார் அம்மா. அந்தப் பொடிசு ஏவாரிக்குக் கிடையாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நாளை மதியம் என் டிபன் பாக்ஸிலும் அதுதான். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்துக்கொள்ள விரும்பும் தோழர்களை வரவேற்கிறேன்!